தள்ளிவிட்ட தட்டல்கள்

நிலநடுக்கம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கு ஒரு வால் இருக்கும். முதலில் ஊசி முனை அளவுக்கு ஒரு துடிப்பு, அதைத் துரத்திக்கொண்டு பெரிய அலை, அதற்கும் பின்னால் அடங்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போய்த் தேயும் ஒரு நடுக்கம். இந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்டவள் அவள். அன்று மாலை திரையில் வந்து நின்ற கோட்டுக்கு வால் இல்லை. எழுந்தது, விழுந்தது, அவ்வளவுதான். யாரோ கதவைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது போல இருந்தது.

விடுமுறை நாள். நிலநடுக்கக் கண்காணிப்பு நிலையத்தில் அவளும், வாசலில் வாட்ச்மேனும், மாமியாரும் மட்டும்தான் இருந்தார்கள். மாமியார் என்பது மென்பொருள். பள்ளிக்கூட மைதானம், தண்ணீர்த்தொட்டி, தபால் நிலையத்தின் நிலவறை என்று ஊரைச் சுற்றிப் புதைத்து வைத்திருக்கும் கருவிகளிலிருந்து ஓயாமல் வந்து கொட்டும் அதிர்வுகளைக் கேட்டு, எது நிலநடுக்கம், எது லாரி, எது இடி என்று பிரித்துச் சொல்வது அதன் வேலை. ஊரில் ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் என்ன சத்தம் என்று கேட்காமல் விடாது என்பதால் அந்தப் பெயர். பெயர் வைத்தவர் அத்தான், அக்காவின் கணவர். நிலையத்தின் தலைவரும் அவர்தான். தன் அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை அவர் வீட்டில் சொல்லவே மாட்டார்.

மாமியார் சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொரு அதிர்வையும் நாற்காலியில் இருக்கிற ஆள் ஒருமுறை பார்த்து, 'உறுதி' அல்லது 'தள்ளு' என்று அழுத்த வேண்டும். உறுதி செய்தால் ஊர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக ஏறும். தள்ளினால் குப்பைக்குப் போகும். பழைய மாமியார் விதிக்கு மேல் விதி, ஒட்டுக்கு மேல் ஒட்டு என்று பாதிச் செவிடாகிவிட்டதால், அன்று காலையில்தான் புதிய மென்பொருளை ஏற்றியிருந்தாள். பழைய விதிகளில் ஒன்றைக்கூட அவள் கொண்டுவரவில்லை. பிறந்த குழந்தையின் காது மாதிரி எல்லாம் புதிதாகக் கேட்கட்டும் என்று விட்டிருந்தாள்.

அதே கோடு மறுபடியும் வந்தது. அச்சு அசலாக அதே உயரம், அதே அகலம். நிலம் ஒரே மாதிரி இரண்டு தடவை அசையாது என்று அவளுக்குத் தெரியும். சுத்தியல்தான் அப்படி அசையும்.

மாமியார் இடத்தைக் கணித்துக் காட்டியது. ஊருக்கு வெளியே, மலைக்கு அடியில், தொண்ணூறு மீட்டர் ஆழத்தில். அந்த இடத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தேநீர் சிந்தி, விசைப்பலகையின் ஓரமாக ஓடியது.

அங்கேதான் சுரங்கப்பாதை இருந்தது. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காக மலையைக் குடைந்துகொண்டிருந்தபோது, போன மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. உள்ளே ஐந்து பேர். அதில் ஒருவன் அவளுடைய தம்பி, துளை போடும் இயந்திரத்தை ஓட்டுபவன், வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். மீட்புப் படை வெளியிலிருந்து பாறையில் அடித்துவிட்டு, பதில் தட்டல் வருகிறதா என்று காத்திருந்தது. வருகிறதா இல்லையா என்று கருவிகளைக் கேட்டுச் சொல்ல வேண்டியவர் அத்தான். உடன்பிறந்தவன் உள்ளே இருக்கும்போது அவள் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று அவரே அவளை வீட்டுக்கு அனுப்பினார். நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று அவளும் போனாள். உயிரின் அறிகுறி எதுவும் இல்லை என்று அவர் சொன்ன பிறகு, மலைச்சரிவில் இருக்கும் வீடுகள் இறங்கிவிடாமலிருக்க, கான்கிரீட்டை ஊற்றிச் சுரங்கத்தையே அடைத்துவிட்டார்கள். அன்று அத்தான் தேம்பித் தேம்பி அழுதார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான்.

கான்கிரீட்டுக்குள் என்ன அசைய முடியும்? பாறை விரிசல் விடலாம். கான்கிரீட் இறுகும்போதும் சத்தம் வரும். அவள் தனக்குத்தானே இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு, பழக்க தோஷத்தில் 'உறுதி' என்று அழுத்தினாள். சிவப்புப் புள்ளி ஏறியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறையில் ஏசியின் இரைச்சலும், அடுத்த அறையில் சர்வர்களின் முனகலும், தரைவிரிப்பின் ஈர நாற்றமும் வழக்கம்போலத்தான் இருந்தன.

அடுத்த கோடு வந்தது. இந்த முறை இடம் மாறியிருந்தது. மலைக்கு அடியில் இல்லை. சுரங்கத்தின் வாய்.

மென்பொருள் புதிது, தடுமாறுகிறது என்று நினைத்தாள். சரிபார்ப்பதற்காகப் பழைய மாமியாரின் குப்பையைத் திறந்தாள். யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. தள்ளியதைத் திரும்பப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? புதிய கோட்டை மாதிரியாகக் கொடுத்து, இதைப் போல வேறு ஏதாவது இருக்கிறதா தேடு என்றாள். ஒன்றோ இரண்டோ வரும் என்று எதிர்பார்த்தாள். திரை முழுக்க வந்தது. உருட்ட உருட்ட வந்தது. அன்று காலை, முந்தைய நாள், அதற்கு முந்தைய வாரம், கோடைக்காலம் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் சுரங்கம் இடிந்த நாட்களில் போய் நின்றது.

மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வை வேகப்படுத்தி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க முடியும். அந்த நாட்களின் பதிவைப் போட்டாள். மீட்புப் படையின் அடி, கனமாக, மேலிருந்து. பிறகு அமைதி. பிறகு ஆழத்திலிருந்து பதில். ஒரு ஆள் இல்லை. ஒருவருக்குப் பிறகு ஒருவராக, பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வது மாதிரி, ஐந்து பேர். கடைசித் தட்டல் மட்டும் கொஞ்சம் அவசரமாக, சின்னவன் வீட்டுக் கதவைத் தட்டுவது போலவே.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவன் அங்கே உட்கார்ந்து தட்டியிருக்கிறான். இவள் வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

மாமியார் இதைத் தானாகத் தள்ளியிருக்க முடியாது. சந்தேகம் என்றால் ஆள் பார்வைக்கு வைப்பதுதான் அதன் குணம். அந்த நாட்களில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருவர். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்த பிறகுதான், சுத்தியல் அடி மாதிரி இருந்தால் இனிமேல் கேட்கவே வேண்டாம் என்று மாமியாருக்கு ஒரு விதி போட்டுவிட்டு அவர் எழுந்து போயிருக்க வேண்டும். அவள் காலையில் தூக்கிப்போட்ட பழைய விதிகளில் அதுவும் ஒன்று.

கான்கிரீட் ஊற்றிய பிறகும் தட்டல் நிற்கவில்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. உயிரோடு இருந்தவர்கள் தட்டினார்கள், சரி. அதற்குப் பிறகு, இத்தனை மாதமாக, தட்டிக்கொண்டிருந்தது யார்?

புதிய கோடு இன்னும் சுரங்க வாயிலேயே நின்றது. உறுதியா, தள்ளுவா என்று கேட்டபடி. அவள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த நேரம் முழுக்க வேறு எதுவுமே வரவில்லை. ஒரு லாரி இல்லை, ஒரு இடி இல்லை. மழையின் சத்தத்தைக்கூட எந்தக் கருவியும் பதிவுசெய்யவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் விரலைப் பார்ப்பது போல் இருந்தது. அவள் 'உறுதி' என்று அழுத்தினாள்.

உடனே அடுத்தது வந்தது. மலைச் சாலையின் வளைவு.

அழுத்தினாள். ஆற்றங்கரை. அழுத்தினாள். பாலத்தின் இந்தப் பக்கம். ஒவ்வொரு முறையும் ஐந்து தட்டல்கள். ஒவ்வொரு முறையும் ஆழம் கொஞ்சம் குறைந்தது. அவள் அழுத்தாதவரை அவர்கள் நகரவில்லை. இத்தனை நாள் போ போ என்று தள்ளப்பட்டவர்கள், இப்போது வா என்று யாராவது சொல்வதற்காக ஒவ்வொரு அடியிலும் நின்று காத்திருந்தார்கள். தபால் நிலையம் தாண்டியதும் புள்ளிகள் இடப்பக்கம் திரும்பின. அந்தத் தெரு எங்கே போகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருவின் கடைசி வீடு அக்காவுடையது.

அவள் போனைக் கையில் எடுத்தாள். பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நிலையத்துக்கு வர்றியா? தனியா இருக்க பயமா இருக்கு."

"என்னடி புதுசா இருக்கு? ஊரே ஆடினாலும் டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவ நீ."

"விளையாடாத. உடனே ஒரு வண்டி பிடிச்சு வா."

"உங்க அத்தான் தலைவலின்னு மாடியில படுத்திருக்காரு. எழுப்பினா கார்லயே கொண்டுவந்து விடுவாரே."

"வேண்டாம்க்கா. அவரை எழுப்பாத. அவரு படுத்திருக்கட்டும்."

பொய் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடுவதும், பாப்பா குடைக்காக அடம்பிடிப்பதும், வெளிக்கதவு சாத்தப்படுவதும் போனில் கேட்டது. வண்டி தபால் நிலையத்தைத் தாண்டிவிட்டதாக அக்கா மறுபடி கூப்பிட்டுச் சொல்லும்வரை அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அத்தானைக் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா." தூக்கக் கலக்கமான குரல்.

"அத்தான், சின்னவன் தட்டினது உங்களுக்குக் கேட்டுதா?"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"யாரு சொன்னா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்ன உளறுகிறாய் என்று கத்தியிருக்கலாம். யார் சொன்னது என்றுதான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

"முதல்ல பம்பு சத்தம்னு நெனச்சேம்மா. சத்தியமா. உள்ள தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தாங்கல்ல, அதுன்னு நெனச்சுத்தான் தள்ளினேன். யாரும் உயிரோட இல்லைன்னு வெளியில சொல்லிட்டேன். அப்புறம் பம்பை நிறுத்தினாங்க. அப்பவும் வந்துச்சு."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"எப்படிம்மா? அமைச்சர் முன்னாடி, பத்திரிகைக்காரங்க முன்னாடி ஒண்ணு சொல்லியாச்சு. மறுநாளே போய் நான் சொன்னது தப்புன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? எப்படியும் அவங்களை எடுத்திருக்க முடியாது."

"தட்டிக்கிட்டே இருந்தாங்க அத்தான்."

"நான்தானே கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்? எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கு இந்த ஆளுக்கா தண்ணீர் கொடுத்தோம், முதுகைத் தடவிக்கொடுத்தோம் என்று நினைத்தபோது உள்ளங்கை கூசியது. தன் வார்த்தை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஐந்து பேரின் மேல் கான்கிரீட் ஊற்ற விட்டவர், பிறகு அவர்கள் வீட்டு வாசலில் நின்று அழுதும் காட்டியிருக்கிறார்.

திரையில் கோடு காத்திருந்தது. அக்கா வீட்டின் நேர் கீழே. ஆழம் மூன்று மீட்டர்.

'தள்ளு' என்று அழுத்தினால் போதும். அத்தானிடம், எழுந்து வெளியே ஓடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டுக்கும் நேரம் இருந்தது. அவள் 'உறுதி' என்று அழுத்தினாள்.

"கீழ யாரோ கதவைத் தட்டுறாங்க," என்றார் அத்தான். "உங்க அக்கா சாவியை மறந்துட்டுப் போய்ட்டா போல."

"போகாதீங்க அத்தான். ரூம் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளேயே இருங்க."

"ஏம்மா?"

"சொன்னாக் கேளுங்க." காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுக்கும் குரல் எங்கிருந்தோ அவளுக்கு வந்தது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ஆழம் பூஜ்யம்.

சில சமயம் மாமியார் தப்புக் கணக்குப் போட்டு, ஆழத்தை மைனஸில் காட்டும். பூமிக்கு மேலே நிலநடுக்கம் என்று அர்த்தம். வானத்தில் பூகம்பம் வந்திருக்கிறது, குடை எடுத்துக்கொள் என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். அப்படி வந்தால் யோசிக்காமல் தள்ளிவிடுவதுதான் வழக்கம். அவள் தள்ளவில்லை, 'உறுதி' என்றே அழுத்தினாள்.

மைனஸ் ஒன்று.

"மாடிப்படியில யாரோ வர்றாங்கம்மா."

மைனஸ் இரண்டு.

"ஒருத்தர் இல்ல. நிறையப் பேரு. ஈரச் சிமெண்ட் வாசனை அடிக்குது. உனக்கு... நீ லைன்லயே இரும்மா. வச்சிடாத."

"இருக்கேன் அத்தான்."

இருந்தாள். விரலும் இருந்த இடத்திலேயே இருந்தது. மைனஸ் மூன்று. மாடி நடை. அவர் ஏதோ முனகினார். பெயர் பெயராக. ஐந்து பெயர்கள். அவருக்கு எல்லாப் பெயரும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. சின்னவன் பெயர் வந்தபோது குரல் உடைந்தது.

"மன்னிச்சிடச் சொல்லும்மா. நீ சொன்னா அவன் கேட்பான்."

மைனஸ் நான்கு. படுக்கையறை வாசல்.

போனில் தட்டல் கேட்டது. மரக்கதவில். ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று. கடைசித் தட்டல் மட்டும் கொஞ்சம் அவசரமாக.

அவன்தான்.

உறுதி.

அலறல் எதுவும் வரவில்லை. கனமாக, ஈரமாக, எதையோ கொட்டுவது போன்ற சத்தம்தான் கேட்டது. கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்குள் ஒரு இருமல். பாதி இருமல். பிறகு போனில் வெறும் நிசப்தம், இணைப்பு அறுபடாத நிசப்தம். அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். திரையில் எல்லாக் கோடுகளும் நேராக ஓடின. ஒரு வருடத்துக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. நல்லா வேணும், என்று வாய்விட்டே சொன்னாள்.

அக்காவும் பாப்பாவும் நனைந்துகொண்டே உள்ளே வந்தார்கள். அக்கா குடையை மூலையில் சாத்திவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்க? வந்து சேர்ந்தாச்சுன்னு உங்க அத்தான்கிட்டச் சொல்லலாம்னா, போன் பிஸின்னே வருது. தூங்குறேன்னு சொன்ன மனுஷன் யார்கிட்டப் பேசிக்கிட்டு இருக்காரு?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது ஸ்பீக்கரில் சத்தம் வந்தது.

அணைக்க மறந்திருந்தாள். திரையில் புதிய கோடு. மலைக்கு அடியில். தொண்ணூறு மீட்டர் ஆழம், கான்கிரீட்டின் நடு. இது பழைய தட்டல் இல்லை. சீராக இல்லை. இடைவெளி இல்லை. இரண்டு கையாலும், தலையாலும், கிடைத்ததையெல்லாம் கொண்டு அடிப்பது போன்ற சத்தம். அதைச் சுற்றி, நாலாபுறமும், மிக அருகில், ஐந்து சின்னக் கோடுகள் நிதானமாக ஏறி இறங்கின. மாமியார் வழக்கம்போலக் கேட்டது. உறுதியா, தள்ளுவா?

"அப்பா!" என்றாள் பாப்பா.

"எங்கடி அப்பா?" அக்கா திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"இது அப்பா தட்டுற சத்தம். நான் பாத்ரூம்ல பூட்டிக்கிட்டா அப்பா இப்படித்தான் தட்டுவாரு."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

பாப்பா மேசையருகே வந்து, தன் சின்ன முஷ்டியால் பலகையில் தட்டினாள்.

ஸ்பீக்கர் அடங்கியது. கோடு நேரானது. இந்த மேசைக்கும் அந்த மலைக்கும் நடுவில் ஒரு ஆறும், பாலமும், முழு ஊரும் இருந்தன. சர்வர்களின் முனகல்கூடக் கேட்கவில்லை. யாரோ காதைப் பாறையோடு ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு திரையே சிவக்கும்படி கோடு எழுந்தது. வெறி பிடித்தது போல, மூச்சுவிடாமல், பாப்பா தட்டிய அந்த ஒரு தட்டலுக்குப் பதிலாக.

பாப்பா சந்தோஷமாக மறுபடியும் கையை ஓங்கினாள். அவள் அந்த முஷ்டியைப் பிடித்து, நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். இன்னொரு கையால் 'தள்ளு' என்று அழுத்தினாள். கோடு மறைந்து, உடனே திரும்ப வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது.

"யாருடி அது?" என்று அக்கா அவள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

அவள் திரும்பவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள்.